திருத்தும் கை: திறந்தநிலைக் கல்வி வரலாற்றில் விரிவுரையும் தேர்வும் மதிப்பீடும்

ஆய்வுச் சுருக்கம்

கட்டணமில்லா இணையவழிப் படிப்புகள் உயர்கல்வியை அனைவர்க்கும் உரியதாக்கிவிட்டன என்னும் கூற்று 2012 முதல் பரவலாக வழங்கிவருகிறது. இக்கட்டுரை அக்கூற்றைத் தொலைநிலைக் கல்வியின் நெடிய வரலாற்றில் வைத்து ஆராய்கிறது. கற்பித்தல் என்னும் செயலை விரிவுரை, திருத்தம், தேர்வு என மூன்றாகப் பகுத்து நோக்கும்போது, ஒவ்வொரு காலத்திலும் அவற்றுள் எது திறக்கப்பட்டது, எது மூடியே இருந்தது என்பது புலனாகும். இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளித்தேர்வு, பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், எம்.ஐ.டி.யின் பாடப்பொருள் வெளியீடு, சான் ஓசேயில் நிகழ்ந்த இரு சோதனைகள், இந்தியாவின் என்.பி.டி.இ.எல். ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: திறந்தநிலைக் கல்வி, அஞ்சல்வழிக் கல்வி, பெருந்திரள் இணையவழிப் படிப்பு, ஒப்படைப்பு, திருத்தம், சுவயம்.

முன்னுரை

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கி வைக்கப்பட்டது. ஏழு வாரங்களுக்குள், ஏப்ரல் 4 அன்று, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) தன் பாடப்பொருள்கள் அனைத்தையும் கட்டணமின்றி இணையத்தில் வெளியிடப்போவதாக அறிவித்தது. திறந்தநிலைக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் இரண்டாம் நிகழ்வைத் தவறாது குறிப்பிடுகின்றனர். முதல் நிகழ்வு தமிழ்க் கணினி வரலாற்றில் மட்டுமே பேசப்படுகிறது. இவ்விரண்டில் எது முந்தியது, எது பெரியது என்று வழக்காடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இரண்டுக்கும் இடையிலிருந்த ஒரு வேறுபாடே இவ்வாய்வைத் தூண்டியது. எம்.ஐ.டி. தன் விரிவுரைக் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் வெளியிட்டது, மாணவரைச் சேர்க்கவில்லை. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தன் மின்நூலகத்தை எல்லார்க்கும் திறந்து வைத்ததோடு, அயல்நாடுகளில் தொடர்பு மையங்களை ஏற்று, சான்றிதழ் நிலை முதல் பட்டம் வரை மாணவரைச் சேர்த்துத் தேர்வும் நடத்தியது. முன்னதில் மாணவர் எழுதிய விடையைப் படிக்க எவரும் இல்லை, பின்னதில் இருந்தார்.

இணையவழிக் கல்வி குறித்த விவாதங்களில் இடம்பெறும் சொற்கள் பெரும்பாலும் காணொளி, இணைப்பு வேகம், கருவி, கட்டணம் ஆகியவற்றையே சுற்றிவருகின்றன. அவை முக்கியமானவையே. எனினும் அவற்றைவிடப் பழைய வினா ஒன்று உண்டு. கற்பவர் எழுதியதை யார் படிப்பார்? பிழை இன்னதென்று யார் சுட்டுவார்? அதற்கான ஊதியத்தை யார் தருவார்? தொலைநிலைக் கல்வி தொடங்கிய நாள்முதல் இவ்வினா அதனுடன் பயணம் செய்துள்ளது.

அஞ்சல் தலையும் அயல் தேர்வரும்

பிரித்தானியாவில் ஒரு பென்னி அஞ்சல் முறை 1840-இல் நடைமுறைக்கு வந்தது. பாத் நகரிலிருந்த ஐசக் பிட்மன் அவ்வாய்ப்பைப் பயன்படுத்தித் தம் சுருக்கெழுத்து முறையை அஞ்சல் வழியே கற்பித்தார். மாணவர்கள் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் பெயர்த்து அனுப்பினர். அவை திருத்தப்பட்டுத் திரும்பின. மாணவர் தொகை பெருகியபோது சுருக்கெழுத்து அன்பர்கள் கழகமாகக் கூடி இத்திருத்தப் பணியை ஏற்றனர். அஞ்சல்வழிக் கல்வியின் தோற்றம் என்று இதனைக் குறிக்கும் நூல்கள் அஞ்சல் முறையின் மலிவையே காரணமாகக் கூறுகின்றன. மாணவரின் தாள் திரும்பி வந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. போய்வரும் இருவழிப் போக்குவரத்து இல்லையேல் அது சுருக்கெழுத்து நூல் விற்பனையாக மட்டுமே நின்றிருக்கும்.

1858-இல் இலண்டன் பல்கலைக்கழகம் இதற்கு நேர்மாறான ஒரு கதவைத் திறந்தது. ஏற்பளிக்கப்பட்ட கல்லூரியில் பயின்றிருக்க வேண்டும் என்னும் விதியை நீக்கி, எங்குக் கற்றவரும் தன் தேர்வை எழுதலாம் என்றது. அதாவது, கற்பிக்கும் பொறுப்பைத் தன்னிடமிருந்து விலக்கிவிட்டுத் தேர்வை மட்டும் பொதுவாக்கியது. இம்முறை நமக்கு அயலானதன்று. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டே நிறுவப்பட்டன. 1904-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் வரும் வரை அவை தேர்வு நடத்தும் அமைப்புகளாகவே இயங்கின.

தேர்வு மட்டும் திறந்திருக்கும் நிலையில் கற்பவர் ஆசிரியரைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். தமிழ்ப் புலமை வரலாற்றில் இதற்குச் சான்றுகள் பல உள. மு. வரதராசனார் திருப்பத்தூரில் பணியாற்றிக்கொண்டே முருகைய முதலியாரிடம் தமிழ் கற்று, 1935-இல் வித்துவான் தேர்வைத் தனித் தேர்வராக எழுதி மாநிலத்தில் முதலிடம் பெற்றார். இந்நிகழ்ச்சி தன்முயற்சிக்கு எடுத்துக்காட்டாக மேடைகளில் சொல்லப்படுவது. அது தன்முயற்சிதான், ஐயமில்லை. ஆயினும் அந்தத் தன்முயற்சிக்கு அருகில் ஒரு முருகைய முதலியார் இருந்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பல்கலைக்கழகம் தேர்வைத் தந்தது. திருப்பத்தூர் ஆசிரியரைத் தந்தது. அத்தகைய ஆசிரியர் வாய்க்காத ஊர்களில் தேர்வு எழுதித் தோற்றவர்களின் பெயர்களை வரலாறு குறித்துவைக்கவில்லை. மு.வ. 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அப்பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியதும் அவ்வாண்டிலேயே.

காற்றுவழிப் பல்கலைக்கழகம்

1963-இல் பிரித்தானியத் தொழிற்கட்சித் தலைவர் ஹரால்டு வில்சன் கிளாஸ்கோ நகரில் ஆற்றிய உரையில் காற்றுவழிப் பல்கலைக்கழகம் ஒன்றை முன்மொழிந்தார். வானொலியும் தொலைக்காட்சியும் விரிவுரை மண்டபமாகும் என்பது அவ்வெண்ணத்தின் கவர்ச்சி. அதனை நிறுவனமாக்கியவர் அமைச்சர் ஜென்னி லீ. 1969-இல் அரசுச் சாசனம் பெற்ற அத்திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவருடன் கற்பிக்கத் தொடங்கியது. நுழைவுக்கு முன்தகுதி எதுவும் கோரப்படவில்லை.

இன்றும் பலர் அதனைத் தொலைக்காட்சிப் பல்கலைக்கழகம் என்றே நினைவுகூர்கின்றனர். நள்ளிரவிலும் விடியலிலும் பி.பி.சி. ஒளிபரப்பிய பாடங்கள் மக்கள் மனத்தில் பதிந்தமையே காரணம். ஆயினும் மாணவரின் படிப்பு நேரத்தில் ஒளிபரப்பு பெற்ற பங்கு சிறிதே. அச்சிட்ட பாடநூலே அடிப்படை. அதனை ஒட்டி மாணவர் எழுதும் ஒப்படைப்புகளே அப்படிப்பின் முதுகெலும்பு. ஒப்படைப்புகள் இருவகையாக அமைந்தன. ஒன்று கணினி மதிப்பிடுவது. மற்றொன்று பயிற்றுநர் படித்துத் திருத்துவது. பயிற்றுநர்கள் நாடெங்கும் பகுதிநேரமாக அமர்த்தப்பட்டனர்; அவர்கள் மதிப்பெண் மட்டும் இடாமல் ஓரக்குறிப்பும் எழுத வேண்டும்; அவர்கள் திருத்திய தாள்களையே பல்கலைக்கழகம் மாதிரி எடுத்து மீண்டும் சரிபார்த்தது. கணினி மதிப்பீட்டை 1970-களிலேயே அறிந்து பயன்படுத்திய ஒரு நிறுவனம், அது மட்டும் போதாது என்று கருதி மனிதத் திருத்தத்துக்குச் செலவிட்டது என்பது பின்வருவனவற்றுக்குப் பின்புலமாக அமைகிறது.

இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. ஆந்திரத்தில் 1982-இலும் நடுவண் நிலையில் 1985-இலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1990 முதல் 1994 வரை பணியாற்றிய வா.செ. குழந்தைசாமி அவர்களே பின்னர்த் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். தொடர்பு மையம் என்னும் ஏற்பாடு அப்பட்டறிவிலிருந்து வந்ததாகவே கொள்ளலாம். நடுவண் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையங்களும் ஒப்படைப்பு முறையும் அவர் நன்கறிந்தவை. அம்முறையில் திருத்தம் எங்கும் ஒரே தரத்தில் நிகழ்ந்தது என்று கூற இயலாது. படிக்காமலே இடப்பட்ட மதிப்பெண்ணும், விலைக்கு வாங்கி ஒட்டிய ஒப்படைப்பும் இந்நாட்டுத் தொலைநிலை மாணவர் அனைவரும் அறிந்த செய்தி. ஆயினும் அது ஒரு கடமை மீறப்பட்ட நிலை. கடமையே இல்லாத நிலை பின்னர் வந்தது.

விரிவுரை மட்டும்

1999-இல் இணையத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்று ஆராய எம்.ஐ.டி. ஒரு குழுவை அமைத்தது. வணிக நோக்கிலான இணையக் கல்வி நிறுவனங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. கொலம்பியா பல்கலைக்கழகம் தொடங்கிய ஃபேத்தம் என்னும் நிறுவனம் 2003-இலேயே மூடப்பட்டது. எம்.ஐ.டி. குழுவோ இலாபத்தைக் கைவிட்டு இலவச வெளியீட்டைப் பரிந்துரைத்தது. ஹியூலட் அறக்கட்டளையும் மெலன் அறக்கட்டளையும் சேர்ந்து 1.1 கோடி டாலர் வழங்கின. 2002-இல் 50 பாடங்களாகத் தொடங்கியது, 2007-இல் 1,800 பாடங்களாக விரிந்தது. இது எம்.ஐ.டி. கல்வியன்று, எம்.ஐ.டி.யின் பாடப்பொருள் மட்டுமே என்பதையும், பட்டமோ சான்றிதழோ வழங்கப்படாது என்பதையும் அந்நிறுவனம் தொடக்கத்திலேயே தெளிவாக்கியது. பின்வந்த நிறுவனங்களிடம் இந்த நேர்மை காணப்படவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

2002-இல் யுனெஸ்கோ கூட்டிய மன்றத்தில் 'திறந்தநிலைக் கல்வி வளங்கள்' என்னும் கலைச்சொல் உருவாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வெளிவந்தன. இவ்விரண்டின் விளைவாகத் 'திறந்த' என்னும் அடைமொழிக்கு ஒரு திட்டமான பொருள் கிடைத்தது: கட்டணமின்மை மட்டுமன்று, படியெடுக்கவும், மொழிபெயர்க்கவும், தம் மாணவர்க்கேற்ப மாற்றவும், மாற்றியதைப் பகிரவும் உரிமை. 2008-இல் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்சும் ஸ்டீபன் டௌன்சும் நடத்திய படிப்பு இப்பொருளில் திறந்திருந்தது. கட்டணம் செலுத்திய மாணவர் சுமார் 25 பேர். கட்டணமின்றி இணைந்தோர் 2,000-க்கும் மேற்பட்டோர். அதனைச் சுட்டவே 'பெருந்திரள் திறந்தநிலை இணையவழிப் படிப்பு' (மூக்) என்னும் பெயர் ஆக்கப்பட்டது. நான்காண்டுகளில் அப்பெயர் முற்றிலும் வேறான ஒன்றைக் குறிக்கலாயிற்று. 2012-க்குப் பின் எழுந்த வணிகத் தளங்களில் பாடம் பார்க்கத் திறந்திருந்தது, எடுத்தாளத் திறந்திருக்கவில்லை.

பெருந்திரளும் கணினியும்

2011 இலையுதிர்ப் பருவத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தைச் செபாஸ்டியன் துரூனும் பீட்டர் நார்விக்கும் இணையத்தில் நடத்தினர். ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். முடித்தவர் 23,000 அளவில். அடுத்த ஆண்டில் யுடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் ஆகிய மூன்றும் தோன்றின. எட்எக்ஸ் தளத்தின் முன்னோடியான மின்சுற்றுப் பாடத்தில் 1,54,763 பேர் பதிவு செய்ய, 7,157 பேர் சான்றிதழ் பெற்றனர். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2012-ஐப் பெருந்திரள் படிப்புகளின் ஆண்டு என்றே அழைத்தது.

இவ்வெண்களை இருவகையாகவும் படிக்கலாம். ஏழாயிரம் பேர் மின்சுற்றியல் கற்றனர் என்பது சிறு செய்தியன்று. ஒரு பேராசிரியர் தம் வாழ்நாளில் அத்தனை பேர்க்குக் கற்பித்துவிட முடியாது. இருபதில் பத்தொன்பது பேர் இடையில் நின்றனர் என்பதும் அதே எண்தான். இவ்விரு வாதங்களும் பலராலும் பேசப்பட்டவை. இங்கு வேண்டப்படுவது வேறொரு கணக்கு. ஓர் ஒப்படைப்பைப் படித்துக் குறிப்பெழுத 20 நிமிடம் ஆகும் எனக் கொள்வோம். மேற்கண்ட பதிவாளர் அனைவரும் ஒரே ஓர் ஒப்படைப்பை அனுப்பியிருந்தால், நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஒரு நாளும் விடுமுறையின்றித் திருத்தும் ஒருவருக்கு 17 ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகவே பெருந்திரள் படிப்பில் மனிதத் திருத்தம் விடுபட்டது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. கட்டணமின்மையும் பெருந்திரளும் ஒருங்கே வேண்டுமாயின் திருத்தம் நீங்கியே ஆகவேண்டும்.

மின்சுற்றியலில் விடை ஓர் எண். கணினி அதனைச் சரிபார்க்கும். மாந்தவியல் பாடங்களில் அது இயலாது என்பதைக் கோர்செரா விரைவிலேயே உணர்ந்தது. மாணவர் கட்டுரைகளை மாணவரே மதிப்பிடும் முறையைப் புகுத்தியது. ஒருவர் எழுதியதைச் சிலர் தனித்தனியே படித்து மதிப்பெண் இடுவர். மதிப்பெண் என்ற அளவில் அது ஓரளவு ஒத்துவரக்கூடும். ஆனால் அறியாமையில் உள்ளவர் அறியாமையில் உள்ள மற்றவர்க்குப் பிழையைச் சுட்டுவதில் எல்லை உண்டு. அந்த எல்லையில்தான் ஆசிரியர் தேவைப்படுகிறார்.

சான் ஓசே: ஒரே வளாகம், இரு சோதனைகள்

கலிபோர்னியாவின் சான் ஓசே மாநிலப் பல்கலைக்கழகம் ஸ்டான்ஃபோர்டுக்கு அருகிலேயே உள்ளது. ஆனால் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும், குடும்பத்தில் முதன்முறையாகக் கல்லூரி காண்போரும் பயிலும் நிறுவனம். ஒன்றை அடுத்து ஒன்றாக அங்கு நிகழ்ந்த இரு சோதனைகள் இக்கட்டுரையின் வினாவுக்கு நேரடியாக விடை பகர்கின்றன.

முதல் சோதனை 2012 இலையுதிர்ப் பருவத்தில் நடந்தது. எட்எக்சின் மின்சுற்றுப் பாடக் காணொளிகளை மாணவர் வீட்டில் பார்த்துவர, வகுப்பு நேரம் முழுவதும் கணக்கிடுதலுக்கும் ஐயம் தீர்த்தலுக்கும் ஒதுக்கப்பட்டது. வகுப்பில் ஆசிரியரும் உதவியாளரும் இருந்தனர். முந்தைய பருவங்களில் அறுபது விழுக்காட்டை ஒட்டியிருந்த தேர்ச்சி, இவ்வகுப்பில் தொண்ணூறைக் கடந்தது.

இரண்டாவது சோதனையை மாநில ஆளுநர் ஜெரி பிரவுன் முன்னிலையில் 2013 ஜனவரியில் அறிவித்தனர். யுடாசிட்டியுடன் இணைந்து அடிப்படைக் கணிதம், இயற்கணிதம், தொடக்கநிலைப் புள்ளியியல் ஆகிய மூன்று பாடங்கள் முழுமையும் இணையவழியே, 150 டாலர் கட்டணத்தில், மதிப்பலகுடன் வழங்கப்பட்டன. சேர்ந்தவருள் முன்னரே கணிதத்தில் தோற்றவர்களும், பள்ளி மாணவர்களும் இருந்தனர். சிலரிடம் வீட்டில் கணினியே இல்லை என்பது பாடம் தொடங்கிய பின்னரே தெரியவந்தது. மூன்று பாடங்களில் எதிலும் தேர்ச்சி 51 விழுக்காட்டைத் தாண்டவில்லை. அடிப்படைக் கணிதத்தில் அது முப்பதைக்கூட எட்டவில்லை. ஜூலையில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. கோடைப் பருவத்தில் மீண்டும் நடத்தியபோது தேர்ச்சி உயர்ந்தது உண்மை. ஆனால் அப்போது சேர்ந்தவருள் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள்.

பின்னர் வெளியான மதிப்பீட்டு அறிக்கை, தேர்ச்சியைத் தீர்மானித்த வலிமையான காரணி மாணவரின் முயற்சியே என்றது. இம்முடிவை மாணவர்மேல் பழியாகப் படிப்பது பிழை. ஒப்படைப்பை உரிய நேரத்தில் அனுப்புவதும், விளங்காதபோது உதவி கேட்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கங்கள். அவற்றை ஒருவர் அருகிருந்து பழக்குகிறார். முன்னர்ப் படித்துத் தேறியவரிடம் அப்பழக்கம் இருக்கும். தோற்றவரிடம் இல்லாமையே தோல்வியின் ஒரு பகுதி. எவருக்காக இத்திட்டம் வகுக்கப்பட்டதோ அவர்களிடம் அது எதிர்பார்த்தது, அவர்களிடம் இல்லாத ஒன்றை.

இதே 2013-இன் வசந்த காலத்தில் அப்பல்கலைக்கழகத்தின் மெய்யியல் துறையினர் ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலுக்கு ஒரு திறந்த மடல் எழுதினர். நீதி குறித்த அவருடைய புகழ்பெற்ற விரிவுரைகளைத் தம் வகுப்பில் பயன்படுத்த மறுத்த மடல் அது. வசதி படைத்த பல்கலைக்கழகங்களின் மாணவர் பேராசிரியருடன் உரையாட, ஏனையோர் அவ்வுரையாடலின் காணொளியைப் பார்த்திருக்கும் இருநிலைக் கல்வி உருவாகும் என்பதே அவர்தம் அச்சம். பணிப் பாதுகாப்பு குறித்த கவலையும் அதில் கலந்திருக்கக்கூடும். அதனால் வாதத்தின் வலு குறைவதில்லை.

யுடாசிட்டி பின்னர்த் தொழில் நிறுவனங்களுக்கான பயிற்சியின் பக்கம் திரும்பியது. எட்எக்ஸ் 2021-இல் 80 கோடி டாலருக்கு 2யூ என்னும் நிறுவனத்திற்கு விற்கப்பட, 2024-இல் அந்நிறுவனம் திவால் பாதுகாப்பைக் கோரியது. 2013-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் இப்படிப்புகளில் சேர்ந்தவருள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் அந்நாடுகளின் மிகுந்த செல்வமும் கல்வியும் உடைய 6 விழுக்காட்டைச் சேர்ந்தோர் எனக் கண்டது. 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான மற்றொன்று, ஹார்வர்டு, எம்.ஐ.டி. படிப்புகளில் நிறைவு செய்வோர் பங்கு 2017-18-இல் 3.13 விழுக்காடாக இருந்ததைக் காட்டியது. இங்கு நிறுவனங்களின் வீழ்ச்சியைவிட இவ்விரு எண்களே கருதத்தக்கவை.

ஏகலைவன் அலைவரிசை

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் பாடங்களை நாடெங்கும் கொண்டுசெல்ல 2003 ஜனவரி 26 அன்று ஒரு தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கப்பட்டது. அதற்கு 'ஏகலைவ்யா' என்று பெயரிட்டனர். பெயரிட்டவர் கதையை எவ்வளவு தூரம் எண்ணிப் பார்த்தனரோ அறியோம். குருவின் உருவத்தின் முன் நின்று தானே கற்ற மாணவனுக்குக் கிடைத்தது அவர் கேட்ட கட்டைவிரல் காணிக்கை மட்டுமே. கற்ற காலத்தில் அவனுடைய அம்பு தவறியதைச் சொல்ல எவரும் இல்லை.

அதே ஆண்டில் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்தன. ஒருங்கிணைப்பு சென்னையில், அப்போதைய இயக்குநர் எம்.எஸ். ஆனந்த் இதன் முன்னோடிகளுள் ஒருவர். பெருகிவந்த பொறியியல் கல்லூரிகளில் தகுதியுடைய ஆசிரியர் பற்றாக்குறை என்பதே திட்டத்தின் தோற்றக் காரணம். எனவே தொடக்கத்தில் இப்பாடங்கள் மாணவர்க்கு எவ்வளவு உரியனவோ அவ்வளவு ஆசிரியர்க்கும் உரியனவாக இருந்தன. இளம் விரிவுரையாளர் ஒருவர் இரவில் காணொளியைப் பார்த்துத் தெளிந்து மறுநாள் வகுப்பெடுப்பது தமிழகப் பொறியியல் கல்லூரிகளில் வழக்கமாயிற்று. எம்.ஐ.டி.யின் பாடப்பொருளும் முதலில் ஆசிரியரையே கருதி வெளியிடப்பட்டது. சான் ஓசேயின் முதல் சோதனையோடு ஒப்பிட்டால், திறந்த விரிவுரை தன் முழுப் பயனைத் தருவது இடையில் ஓர் ஆசிரியர் நிற்கும்போதுதான் என்பது மீண்டும் தெரிகிறது.

2014 முதல் என்.பி.டி.இ.எல். சான்றிதழ்ப் படிப்புகளை நடத்திவருகிறது. பாடம் இலவசம். விரும்புவோர் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் செலுத்தி, கண்காணிப்புடன் கூடிய தேர்வு மையத்தில் நேரில் எழுதலாம். இறுதி மதிப்பெண்ணில் ஒப்படைப்புக்கு 25, தேர்வுக்கு 75. அமெரிக்கத் தளங்கள் நம்பகமான தேர்வின்றித் தடுமாறிய இடத்தில் இது ஒரு நல்ல விடை. இலண்டன் தேர்வு மரபில் உருவான ஒரு நாட்டுக்குத் தேர்வு மையம் அமைப்பது புதிய கலையன்று. 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்ட சுவயம் தளம் இம்முறையைப் பிற துறைகளுக்கும் விரித்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் ஒரு பருவப் பாடங்களில் 20 விழுக்காடு வரையும், 2021-இல் 40 விழுக்காடு வரையும் இத்தளத்தின் வழியே பயில இசைவளித்தது.

சுவயம் படிப்புக்கு நான்கு கூறுகள் வகுக்கப்பட்டுள்ளன: காணொளி, படிப்புப் பொருள், தன்மதிப்பீட்டு வினாக்கள், ஐயம் தீர்க்கும் இணைய மன்றம். திருத்தம் இந்நான்கில் ஒன்றாக இல்லை. இக்கட்டுரையாளர் முனைவர்ப்பட்ட முற்பயிற்சியின்போது ஓர் இணையவழிப் படிப்பை முடித்தவர். எட்டு வாரங்களில் எழுதிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. நான்கில் ஒன்றைத் தெரிவு செய்ததே உழைப்பு. மன்றத்தில் எழுப்பிய ஐயத்திற்கு, காணொளியை மீண்டும் காண்க என்ற மறுமொழி கிடைத்தது. சான்றிதழ் உரிய நாளில் வந்துசேர்ந்தது.

தமிழில் ஒரு விடைத்தாள்

மொழிபெயர்ப்பே தமிழ் மாணவரின் தடைக்குத் தீர்வு என்று பொதுவாகக் கருதப்படுகிறது. என்.பி.டி.இ.எல். பாடங்கள் பலவற்றின் எழுத்துவடிவம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் கிடைக்கிறது. இது பாராட்டத்தக்க பணி. கலைச்சொல் ஆக்கத்திற்கும் துணைபுரியும். ஆயினும் மொழிபெயர்ப்பு விரிவுரையைத்தான் தமிழுக்குக் கொணர்கிறது. தமிழில் எழுதும் மாணவரின் விடையைப் படிக்கும் ஒருவரை அது கொணர்வதில்லை.

பொறியியலைவிடத் தமிழிலக்கியம், வரலாறு, மெய்யியல் ஆகிய துறைகளில் இக்குறை பெரிது. ஓர் இளங்கலைத் தமிழ் மாணவர் தொல்காப்பியச் செய்யுளியலைப் பற்றிய காணொளியை எத்தனை முறையும் பார்க்கலாம். கட்டுரையாசிரியர் போன்றோர்க்கு அது பெரும்பேறே. ஆனால் சான்றை எங்கு நிறுத்துவது, பிறர் கருத்தைத் தம் கருத்திலிருந்து எவ்வாறு பிரித்து எழுதுவது, ஒற்று எங்கு மிகும், ஒரு பத்தி எங்கு முடியும் ஆகியவை சிவப்பு மையால் கற்றுக்கொண்டவை. நால்விடை வினாவில் இவற்றுக்கு இடமில்லை. ஒரு பருவத்தின் 40 விழுக்காட்டுப் பாடங்களை இவ்வழியே பயிலும் மாணவர், தாம் எழுதியதை ஒருவர் படித்துக் காணும் வாய்ப்பை அந்த அளவுக்கு இழக்கிறார். நன்கு பயின்ற ஆசிரியர் நிறைந்த கல்லூரியில் எஞ்சிய 60 விழுக்காடு அதனை ஈடுசெய்யும். ஆசிரியப் பணியிடங்கள் காலியாக உள்ள கல்லூரியே 40 விழுக்காட்டை முழுமையாகப் பயன்படுத்த முனையும் என்பதால், ஈடுசெய்ய ஆளில்லாத இடத்திலேயே இழப்பும் குவியும்.

இதற்கான ஏற்பாட்டைப் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. என்.பி.டி.இ.எல். கல்லூரிகளில் உள்ளூர்க் கிளைகளையும் வழிகாட்டி ஆசிரியரையும் கொண்டுள்ளது. இன்று அவர் பதிவுக்கும் நினைவூட்டலுக்குமே பெரிதும் பயன்படுகிறார். மாந்தவியல் படிப்பு ஒவ்வொன்றிலும் பருவத்திற்கு இரண்டு எழுத்து ஒப்படைப்புகளை அவர் திருத்தித் தரவேண்டும் என்றும், அப்பணி அவருடைய வாரப் பணிநேரத்தில் கணக்கிடப்படும் என்றும் பல்கலைக்கழகங்கள் விதிக்கலாம். ஒரு வகுப்பில் 60 மாணவர் எனில் பருவத்திற்கு 120 தாள். தாளுக்கு 20 நிமிடம் எனில் 40 மணி நேரம். ஒரு பருவத்தின் பதினைந்து வாரங்களில் வாரத்திற்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவு.